அஞ்சு பேரு சேந்து ஒரு பழைய ராக் ஆல்பத்தை வாசிக்கக் கத்துக்கிறது எப்படி: எங்க மாங்கா குடோன் வழி

முதல்லயே சொல்லிடறேன், நாங்க பெரிய பேண்டு எல்லாம் கிடையாது. கிருஷ்ணகிரில அஞ்சு பேரு, ஒத்திகை ஒரு மாங்கா குடோன்ல, ரெண்டு கிடார், ஒரு பேஸ், ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ், பாடுறது ரெண்டாவது கிடார்காரனே. ஒருத்தன் ஓசூர்ல ஷிஃப்ட் வேலை, பேஸ் அண்ணன் மெடிக்கல் ஷாப், டிரம்மர் சர்ச்ல வாசிக்கிறவன், கீபோர்டுகாரன் மூணு வருஷம் மிருதங்கம் கத்துக்கிட்டு பாதில விட்டவன், நான் சும்மா. டிரம்மர் வீடு லண்டன்பேட்டை, அதனால வெளியூர்ல யாராவது கேட்டா "எங்க டிரம்மர் லண்டன்ங்க"ன்னு சொல்லிக்குவோம், எங்களுக்கு இருக்குற ஒரே பந்தா அதான். தர்மபுரில காலேஜ் படிக்கிற தம்பிங்க ரெண்டு மூணு பேரு "அண்ணா ராக் வாசிக்கணும், எதுலருந்து ஆரம்பிக்கிறது"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை போச்சு, அதான் ஒரேடியா எழுதிடறேன்.

முதல் விஷயம், பாட்டைப் பொறுக்காதீங்க, ஒரு முழு ஆல்பத்தை எடுங்க. நாங்க ஆரம்பத்துல ஆளுக்கு ஒரு பாட்டு சொன்னோம், அஞ்சு பாட்டு அஞ்சு பேண்டோடது, அஞ்சு விதமான சவுண்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் ஆம்ப்ல எல்லா குமிழையும் திருப்பணும், மூணு மாசம் கழிச்சு பாத்தா ஒண்ணு கூட உருப்படியா வரல. ஒரு ஆல்பம்னா அப்படி இல்ல, அதே ஆளுங்க அதே டிரம்ஸ் அதே சில வாரத்துல வாசிச்சது, முதல் பாட்டுல டிரம்மர் என்ன பண்றான்னு புரிஞ்சா மூணாவது பாட்டு பாதி வந்துடும். எல்பி (ரெண்டு பக்கமும் ஓடுற பெரிய இசைத்தட்டு) காலத்துல ஒரு பக்கத்துக்கு சுமார் 20 நிமிஷம்தான் நல்லா புடிக்கும், அதனால அந்த ஆல்பம் எல்லாம் பெரும்பாலும் 40 நிமிஷம் பக்கமாத்தான் இருக்கும், ஒரு பக்கத்துக்கு நாலு அஞ்சு பாட்டு. அதான் எங்க கணக்கும், ஒரு பக்கத்துக்கு ரெண்டு மாசம்.

எந்த ஆல்பம்? இதுல ஒவ்வொரு தடவையும் சண்டைதான். என் தீர்ப்பு: முதல்ல ஏசி டிசி பேண்டோட பேக் இன் பிளாக், 1980. அடுத்தது டீப் பர்ப்பிளோட மெஷின் ஹெட், 1972. மூணாவதா வேணா பிங்க் ஃப்ளாய்டோட தி டார்க் சைட் ஆஃப் தி மூன், 1973. லெட் செப்பலினோட நாலாவது ஆல்பத்தை (1971, அட்டைல பேண்டு பேரே இருக்காது) கேளுங்க, தினமும் கேளுங்க, ஆனா முதல் வருஷம் கை வெக்காதீங்க, அந்தப் பாடகர் போற உசரத்துக்கு நம்ம பையன் போனா பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓடி வந்துடுவாரு. ஸ்டேர்வே டு ஹெவன் எங்க குடோன்ல தடை. அதோட ஆரம்பத்தை மட்டும் வாசிக்கத் தெரிஞ்ச ஆயிரம் பேரு தமிழ்நாட்டுல இருக்காங்க, எட்டு நிமிஷத்தையும் வாசிக்கத் தெரிஞ்சவங்க பத்து பேரு இருப்பாங்களோ என்னமோ.

ஏன் பேக் இன் பிளாக் முதல்லன்னா அதுல ஒளிஞ்சுக்க இடமே இல்ல. அந்த பேண்டோட பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரில செத்துப்போனாரு, அதே வருஷம் ஜூலைல பிரையன் ஜான்சனை வெச்சு இந்த ஆல்பம் வந்துடுச்சு, கருப்பு அட்டை அந்தத் துக்கத்துக்குத்தான். டைட்டில் பாட்டு ரிஃப்ல (திரும்பத் திரும்ப வர்ற கிடார் துண்டு) பாத்தா ஈ, டி, ஏ, மூணு கார்டு (ஒண்ணா அடிக்கிற சுரக் கூட்டம்), அவ்ளோதான், நிமிஷத்துக்கு தொண்ணூத்தி சொச்சம் அடி, அவசரமே இல்ல. கேக்கும்போது "இதைப் போயி கத்துக்கணுமா"ன்னு தோணும். வாசிச்சுப் பாருங்க. அந்த மூணு கார்டுக்கு நடுவுல இருக்குற சும்மா இருக்குற இடம், அங்கதான் எல்லாரும் தப்பு பண்ணுவோம், கை சும்மா இருக்காது, எதையாவது தேச்சுக்கிட்டே இருக்கும். கார்டை அடிச்சதும் ரெண்டு கையாலயும் கம்பியை அமுத்தி சத்தத்தை நிறுத்தணும், டிரம்ஸ் மட்டும் டிக் டிக்னு போகணும். எங்களுக்கு இந்த ஒரு விஷயத்துக்கே மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு. நாலாவது வாரம் ஒரு தடவை அஞ்சு பேரும் ஒண்ணா நின்னோம், குடோன் தகர ஷீட்டு மட்டும் ஒரு செகண்டு ங்ஙொய்னு அதிர்ந்துச்சு, பேஸ் அண்ணன் ஒண்ணும் பேசாம பீடி பத்த வெக்க வெளிய போயிட்டாரு. அவரு சந்தோஷமா இருந்தா அப்படித்தான்.

இப்ப கேக்குறது எப்படின்னு சொல்றேன், இதைத்தான் யாரும் ஒழுங்கா பண்றதில்ல. போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, பேஸ் சுத்தமா போயிடும், அப்புறம் பேஸ் வாசிக்கிறவன் என்ன பண்ணுவான் பாவம். நூத்தம்பது ரூபா வயர் ஹெட்செட் போதும், ரெண்டு காதும் வேலை செய்யணும். ஷஃபிள் ஆஃப் பண்ணுங்க. முதல் வாரம் யாரும் கருவியைத் தொடவே கூடாது, ஆல்பத்தை முழுசா வரிசையா கேக்குறது மட்டும்தான், பஸ்ல போகும்போது, கடைல உக்காந்திருக்கும்போது. ரெண்டாவது வாரம் உங்க கருவியை விட்டுட்டு அடுத்தவன் கருவியை மட்டும் கேக்கணும். கிடார்காரன் டிரம்ஸை, டிரம்மர் பேஸை, பாடுறவன் கீபோர்டை. ஞாயித்துக்கிழமை வந்து அவங்கவங்க கேட்டதை வாயால வாசிச்சுக் காட்டணும், டும் டும் டக்குன்னு. செம காமெடியா இருக்கும், ஆனா யாரு கேட்டிருக்கான் யாரு கேக்காம வந்திருக்கான்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

ஒரு காதை மூடிக்கிட்டும் கேளுங்க. ஏசி டிசில ரெண்டு கிடாரும் ஒவ்வொரு பக்கமா பிரிச்சு வெச்சிருப்பாங்க, அண்ணன் மால்கம் யங் ஒரு பக்கம், தம்பி ஆங்கஸ் ஒரு பக்கம், எது யாருன்னு நீங்களே கண்டுபுடிங்க, அதான் ஹோம்வொர்க். எல்லாரும் ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டு குதிக்கிற தம்பியைத்தான் பாப்பாங்க, ஆனா அண்ணனை மட்டும் ஒரு வாரம் கேட்டுப் பாருங்க, வண்டியை இழுக்குறது அவருதான்னு புரியும். எங்க பேண்டுல ரெண்டாவது கிடார்னா மட்டம்னு ஒரு நினைப்பு இருந்துச்சு, அது அந்த வாரத்தோட போச்சு.

வேகமா போற இடத்தை யூடியூப்ல 0.75, 0.5ன்னு ஸ்பீடைக் குறைச்சுக் கேளுங்க, சுருதி மாறாது. டேபை (எந்தக் கம்பி, எந்த இடம்னு நம்பர் போட்டு எழுதுன தாள்) பாத்து கத்துக்கலாமான்னா, கடைசில சரி பாக்க மட்டும் பாருங்க, முதல்லயே பாத்தா விரல்தான் கத்துக்கும், காது கத்துக்காது, அதுவும் நெட்ல கிடைக்கிறதுல பாதி தப்பு.

அதுக்கு ஒரு சாம்பிள் சொல்றேன். மெஷின் ஹெட்ல இருக்குற ஸ்மோக் ஆன் தி வாட்டர், கிடாரைத் தொட்ட எவனும் முதல் நாளே வாசிக்கிறது, அதை தொண்ணூறு சதவீதம் பேரு ஒத்தைக் கம்பில வாசிப்பாங்க, இல்லன்னா பவர் கார்டு போட்டு பிக்கால (கம்பியை மீட்டுற சின்ன பிளாஸ்டிக் துண்டு) இழுப்பாங்க. டீப் பர்ப்பிள் கிடார்காரர் ரிச்சி பிளாக்மோர் வாசிச்சது அப்படி இல்ல. மூணாவது கம்பி நாலாவது கம்பி ரெண்டையும் சேத்து, பிக் இல்லாம விரலால ஒரே நேரத்துல கிள்ளி எடுக்கணும், ரெண்டு சுரமும் ஒண்ணா பொறக்கணும். ஓப்பன்னா கம்பியை அமுத்தாம, நம்பர்னா எத்தனாவது ஃப்ரெட்ல (கிடார் கழுத்துல இருக்குற கட்டம்) அமுத்தணும்னு: ஓப்பன், 3, 5, மறுபடி ஓப்பன், 3, 6, 5, மறுபடி ஓப்பன், 3, 5, அப்புறம் 3, ஓப்பன். எங்க கீபோர்டுகாரன் இதை ச க ம, ச க மீ ம, ச க ம, க சன்னு பாடிக் காட்டினான், சுத்த மத்தியமம் பிரதி மத்தியமம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வருதுடான்னு அவனுக்கு ஒரே குஷி. கூட வர்ற ரெண்டாவது சுரம் இதுக்குக் கீழ நாலாவது சுரமா அப்படியே கூடவே நடக்கும், அந்தக் கரகரப்பு அதுனாலதான்.

அந்தப் பாட்டோட கதை தெரிஞ்சா வாசிக்கிறதும் மாறும். 1971 டிசம்பர்ல ஆல்பம் ரெக்கார்டிங்குக்கு சுவிட்சர்லாந்துல மாண்ட்ரோங்குற ஊருக்குப் போறாங்க, கேசினோல ரெக்கார்டிங்னு பிளான், அதுக்கு முன்னாடி அங்க ஃப்ராங்க் ஜப்பாங்குற ராக் பாடகரோட கச்சேரில எவனோ ஃப்ளேர் கன்னை (வாணம் விடுற துப்பாக்கி) சுட்டுட்டான், கட்டடமே எரிஞ்சு போச்சு, புகை ஏரி மேல பரவுனதை ஹோட்டல் ஜன்னல்லருந்து பாத்தாங்க, அதான் பாட்டு. கடைசில மூடிக் கெடந்த ஒரு பெரிய ஹோட்டலோட வராண்டால மெத்தை எல்லாம் அடுக்கி, ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டோட ரெக்கார்டிங் வண்டியை வெளிய நிறுத்தி ஆல்பத்தை முடிச்சாங்க. இடம் இல்லன்னு அழற பேண்டுங்க எல்லாம் இதை ஒரு தடவை நினைச்சுக்கணும். மாங்கா குடோன் எவ்ளோ மேல்.

அந்தப் பாட்டுலருந்து பேண்டா கத்துக்க வேண்டியது ரிஃப் இல்ல, யாரு எப்ப உள்ள வர்றாங்கன்னுதான். முதல்ல கிடார் தனியா. அப்புறம் ஹை-ஹேட்டும் (டிரம்ஸ்ல இருக்குற ஜோடித் தட்டு), அவங்க கீபோர்டுகாரர் ஜான் லார்டோட ஆர்கனும். அப்புறம் மிச்ச டிரம்ஸ். பேஸ் கடைசில. பேஸ் உள்ள வர்றப்ப தரை எறங்குற மாதிரி இருக்கும், ஏன்னா அது வரைக்கும் இல்ல. நம்மூரு பேண்டுங்க எல்லாம் ஒன் டூ த்ரீ ஃபோர்னு அஞ்சு பேரும் ஒரே நேரத்துல குதிப்போம், அப்புறம் போறதுக்கு இடமே இருக்காது. இதைப் புரிஞ்சுக்கிட்டதுக்கு அப்புறம் நாங்க ரிசப்ஷன்ல வாசிக்கிற சினிமாப் பாட்டுக்குக் கூட இந்த மாதிரி ஒவ்வொருத்தரா உள்ள வர ஆரம்பிச்சோம், பந்தில உக்காந்திருக்கிறவங்க திரும்பிப் பாக்குறாங்க, நிஜமா. அந்த ஆர்கனை வேற மார்ஷல் கிடார் ஆம்ப்ல செருகித்தான் அப்படி உறும வெச்சிருக்காரு, உங்க கீபோர்டைக் கிடார் ஆம்ப்ல போட்டுப் பாருங்க, வால்யூமை மட்டும் கம்மியா வெச்சு ஆரம்பிங்க.

ஒத்திகை வரிசைக்கு எங்க சட்டம் ஒண்ணு இருக்கு: கீழருந்து மேல. முதல் மணி நேரம் டிரம்ஸும் பேஸும் மட்டும். மத்தவங்க உக்காந்து வாயை மூடிக்கிட்டு இருக்கணும், முடியலன்னா டீ வாங்கப் போகலாம். பேஸும் கிக் டிரம்மும் (காலால அடிக்கிற பெரிய டிரம்) ஒண்ணா விழுந்துச்சுன்னா பாட்டு முக்கால்வாசி முடிஞ்சுது. அப்புறம் ரிதம் கிடார், அப்புறம் கீபோர்டு, அப்புறம் பாட்டு, கடைசியா சோலோ, அதாவது கிடார் தனியா முன்னால வந்து வாசிக்கிறது. நான்தான் சோலோ வாசிக்கிறவன், இந்தச் சட்டம் போட்டப்ப ரெண்டு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுதான் இருந்தேன்.

சுருதி பத்தி. ஒரிஜினல் சுருதிலதான் பாடுவேன்னு அடம் புடிக்காதீங்க. ஈகிள்ஸ் பேண்டோட ஹோட்டல் கலிஃபோர்னியா இருக்கே, கிடார்காரர் டான் ஃபெல்டர் அதை முதல்ல ஈ மைனர்ல போட்டுத்தான் குடுத்தாரு, பாடுன டான் ஹென்லி குரலுக்கு ஒத்து வரலன்னு பி மைனருக்கு மாத்திட்டாங்க, அதனாலதான் அந்த ஆரம்பக் கிடார் ஏழாவது ஃப்ரெட்ல கேப்போ (எல்லாக் கம்பியையும் சேத்து அமுத்துற கிளிப்பு) போட்டு வாசிக்கிறது. அவங்களே மாத்திக்கிட்டாங்க, நமக்கு என்ன கௌரவம். கேப்போ போட்டா மேல ஏறும், இறக்கணும்னா கம்பியையே அரைக் கட்டை ஒரு கட்டை இறக்கி ட்யூன் பண்ணுங்க. பிளாக் சாபத் கிடார்காரர் டோனி அயோமிக்கு 17 வயசுல பர்மிங்ஹாம்ல தகரப் பட்டறைல, வேலையை விட்டு நிக்கிற கடைசி நாள், ரெண்டு விரல் நுனி மெஷின்ல போச்சு. அவரு இடது கைக்காரர், போனது கம்பியை அமுத்துற கை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி பண்ணி மாட்டிக்கிட்டு, மெல்லிசு கம்பி போட்டு, அப்புறம் 1971ல மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி ஆல்பத்துல பல பாட்டுக்கு ஒன்றரைக் கட்டை இறக்கி வாசிச்சாரு. அந்தக் கனமான சவுண்டு அப்படி வந்ததுதான். விரல் வலிக்குதுன்னு சொல்ற தம்பிங்க இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிங்க.

இப்ப ஏழு. டார்க் சைடுல மணின்னு ஒரு பாட்டு, கல்லாப்பெட்டி சத்தத்துல ஆரம்பிக்கும், அது பெரும்பாலும் ஏழு அடி, நாலு இல்ல. நாங்க ஒண்ணு ரெண்டுன்னு ஏழு வரைக்கும் எண்ணிப் பாத்தோம், டிரம்மர் எட்டாவது அடி தானா போட்டுடுவான், வருஷக்கணக்கா சர்ச்ல நாலு நாலா வாசிச்ச கை. கீபோர்டுகாரன்தான் தகிட தகதிமின்னு சொல்லச் சொன்னான், மூணும் நாலும் ஏழு, மிஸ்ரம், ஒரு எழுத்துக்கு ஒரு அடி. கையைத் தட்டிக்கிட்டு தகிட தகதிமி தகிட தகதிமின்னு குடோனைச் சுத்தி நடந்தோம், பாக்குறவங்க என்ன நினைச்சிருப்பாங்களோ தெரியல, ஆனா அன்னிக்கு சாயங்காலமே வந்துடுச்சு. சாக்ஸஃபோன் வர்ற இடமும் ஏழுதான் (எங்ககிட்ட சாக்ஸ் இல்ல, கீபோர்டு), கிடார் சோலோ வந்ததும் நாலுக்கு மாறிடும், சோலோ முடிஞ்சு திரும்ப ஏழு. இந்த மாறுற ரெண்டு இடத்தை மட்டும் தனியா இருபது தடவை வாசிங்க, முழுப் பாட்டையும் திரும்பத் திரும்ப வாசிக்கிறது டைம் வேஸ்ட்.

இதை ஒரு காலேஜ் விழால வாசிச்சோம். பசங்க ஆரம்பத்துலயே கை தட்ட ஆரம்பிச்சாங்க, நாலு நாலா. ரெண்டாவது சுத்துலயே தட்டு எங்கயோ போச்சு, நாங்க எங்கயோ போனோம், ஒவ்வொருத்தனா கையை இறக்கிட்டான், முன் வரிசைல ஒரு பொண்ணு பக்கத்துப் பொண்ணுகிட்ட "தப்பா வாசிக்கிறாங்களா"ன்னு கேட்டது எனக்கே கேட்டுச்சு. எனக்கு வேர்த்துடுச்சு. அப்புறம் சோலோ வந்து நாலுக்கு மாறுனதும் ஒருத்தரும் சொல்லாம மொத்த கூட்டமும் தட்ட ஆரம்பிச்சுது, சரியா அடில விழுந்துச்சு. அம்பது வருஷத்துக்கு முன்னாடி லண்டன் அபே ரோடு ஸ்டுடியோல போட்ட கணக்கு காலேஜ் ஷாமியானாவுக்கு அடில வேலை செஞ்சுது. அதனால கூட்டத்துக்கு வாசிக்கிறதா இருந்தா சோலோவைக் கொஞ்சம் நீட்டுங்க, அவங்களுக்கும் ஒரு பங்கு வேணும்ல.

டிரம்ஸ் சவுண்டுக்கு ஒரு விளையாட்டு. லெட் செப்பலினோட வென் தி லெவி பிரேக்ஸ் பாட்டுல டிரம்ஸ் மலை உருள்ற மாதிரி இருக்கும், ஸ்டுடியோ ரூம்ல வாசிச்சது இல்ல, ஹெட்லி கிரேஞ்சுன்னு ஒரு பழைய பங்களால கீழ ஹால்ல அவங்க டிரம்மர் ஜான் பானமை வாசிக்க விட்டு, மாடிப்படி மேலருந்து ரெண்டு மைக்கைத் தொங்க விட்டாங்க. நாங்களும் டிரம்மரோட சித்தப்பா கட்டிக்கிட்டு இருந்த வீட்டுல, பூச்சு வேலை முடிஞ்சு கதவு ஜன்னல் மாட்டாத நேரம், கீழ டிரம்ஸ் வெச்சு, மாடி கைப்பிடிலருந்து கயித்துல ரெண்டு போனைக் கட்டித் தொங்க விட்டு ரெக்கார்ட் பண்ணோம். செம்ம. கொத்தனாரு அண்ணன் மட்டும் "தம்பி, சுவரு இன்னும் காயல"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

குடோன் விஷயமா சில சின்ன சின்ன டிப்ஸ். முட்டை அட்டை ஒட்டுனா சத்தம் வெளிய போகாதுங்குறது பொய், உள்ள எதிரொலி கொஞ்சம் குறையும், அவ்ளோதான், பழைய இலவம்பஞ்சு மெத்தையும் கோணிப்பையும் அதைவிட மேல். ஆம்பைத் தரைல வெக்காம மாங்கா கிரேட்டைக் கவுத்து அது மேல வெச்சா சவுண்டு முட்டிக்கு அடிக்காம காதுக்கு வரும், அப்ப எல்லாரும் தானா வால்யூமைக் குறைப்பாங்க. கரண்டு விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. ஒரு மண்டபத்துல எங்க பாடகன் கிடாரைப் புடிச்சுக்கிட்டு மைக் கிட்ட வாயைக் கொண்டு போனான், உதட்டுல சுரீர்னு ஷாக், ஆளு ரெண்டு அடி பின்னாடி. ஆம்பு ஒரு பிளக்குல, மிக்ஸர் வேற பிளக்குல, ரெண்டுல ஒண்ணுக்கு எர்த்தே இல்ல. அதுலருந்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கான்னு பாக்கச் சொல்லிட்டுத்தான் மேடை ஏறுவோம், எல்லாத்துக்கும் ஒரே இடத்துலருந்துதான் லைன். ங்ஙொய்னு ஹம் வருதுன்னு பிளக்கோட மூணாவது முள்ளை (எர்த்) உடைச்சுடற புத்திசாலிங்க இருக்காங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

ஒரு பக்கம் முடிஞ்சதும் ரெக்கார்ட் பண்ணுங்க, நிறுத்தாம, வரிசையா, தப்பு வந்தாலும் தொடர்ந்து. பீட்டில்ஸோட முதல் ஆல்பத்துல பத்து பாட்டு ஒரே நாள்ல, 1963 பிப்ரவரி 11ல ரெக்கார்ட் ஆனது, தொண்டையைக் கிழிக்கிற பாட்டைக் கடைசிக்குன்னு வெச்சிருந்தாங்க. நீங்களும் உங்க பாடகனைக் கொல்ற பாட்டை எல்பில எங்க இருந்தாலும் உங்க வரிசைல கடைசிக்குத் தள்ளுங்க, இந்த ஒரு மாத்தத்துக்கு அனுமதி உண்டு.

எங்களுக்கு டைம் கம்மி. சித்திரை பொறந்து காய் வர ஆரம்பிச்சா குடோன் ஓனர் சாவியை வாங்கிடுவாரு, அப்புறம் பெங்களூரா மாங்கா லோடு எல்லாம் ஓயுற வரைக்கும் உள்ள கால் வைக்க முடியாது, அந்த மூணு நாலு மாசம் ஹெட்செட்டும் வாயும்தான். இப்ப மெஷின் ஹெட்டோட ரெண்டாவது பக்கத்துல லேசிங்குற பாட்டுல நிக்கிறோம், ஆர்கன் ஆரம்பம் கீபோர்டுகாரனுக்கு இன்னும் வரல, கேட்டா சீசனுக்குள்ள வந்துடும்ங்குறான், போன சீசனுக்கும் அதான் சொன்னான்.